ராசா இறக்கி வைத்த கடகம்

கொக்குவில் பட்டணமா கிராமமா என்று யாராவது கேட்டால் நான் இன்றைக்கும் பேச்சை மாற்றப் பார்ப்பேன். எதைச் சொன்னாலும் ஒருவர் கோபிப்பார். கலியாணம் பேச வருகிறவர்களுக்கு நாங்கள் பட்டணம். "ரவுணுக்கு ரெண்டு எட்டுத்தானே" என்போம். குப்பை வண்டி வராத கிழமைகளில் கிராமம் ஆகிவிடுவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கே சைக்கிள் மிதித்தால், கடைகள் முடிந்துவிட்டன என்று நினைக்கிற இடத்தில் இன்னும் ஒரு போன் கடை வரும். தோட்டம் இனி இல்லை என்று நினைக்கிற இடத்தில் ஒரு பாத்தி வெங்காயம் நிற்கும். அதுதான் நாங்கள்.

எங்கள் உள்வீதியில் எல்லாக் காலமும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வளவில் முந்தி சுருட்டுச் சுற்றிய கொட்டில் இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது அதற்குள் ரியூஷன் நடந்தது; பிள்ளைகள் புகையிலை வாசத்தில் தும்மிக்கொண்டே கணக்குப் படித்தார்கள். பல்கலைக்கழகத்துப் பெடியங்கள் வீட்டுக்கு வீடு அறை எடுத்திருந்தார்கள். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வந்து பார்க்கிறவர்கள் கிடுகு வேலியைப் பிடுங்கி மதில் கட்டிவிட்டுப் போனார்கள். மதில் கட்டாத வீடுகள் இரண்டு. ஒன்று எங்களுடையது. மற்றது முன்வீட்டு ரீச்சருடையது. அவ சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவ.

வீதி இரண்டாகப் பிரிகிற முடக்கில், வேப்பமரத்துக்குக் கீழே, ஒரு சுமைதாங்கி நின்றது. நெஞ்சளவு உயரத்தில் இரண்டு கல், அவற்றுக்கு மேலே குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு சந்தைக்குப் போகிறவர்கள், பிடித்து இறக்க ஆள் இல்லாத இடத்தில், நின்ற நிலையிலேயே சுமையைச் சரித்து வைத்து மூச்சு வாங்குவதற்காக அந்த நாளில் கட்டியது. என் காலத்தில் தலைச்சுமைக்காரர் யாரும் வரவில்லை. கல்லில் ரியூஷன் விளம்பரமும் மரண அறிவித்தலும் ஒட்டினார்கள். அடியில் ஒரு நாய் படுத்தது. பக்கத்தில் மாமாவின் ஓட்டோ நின்றது.

மாமா அம்மாவின் அண்ணன். அவருடைய ஓட்டோ பெற்றோலில் பாதியும் வாயில் பாதியுமாக ஓடுகிறது என்று அம்மா சொல்லுவா. ஆள் ஏறியவுடன் கதை தொடங்கும். இறங்குகிற இடம் வந்தும் சிலர் கதை முடியட்டும் என்று இருப்பார்கள். ஓட்டம் இல்லாத நேரத்தில் அந்தக் கல்லில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், கல்லின் நெற்றியில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டிருந்தது. நான் பயந்தே போனேன். கணக்குக் கொப்பியில் எனக்கு வழக்கமாக விழுகிற குறி அது. வீதியை அகலித்து, மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டப் போகிறார்கள், அதற்கு இடைஞ்சலானவற்றுக்கெல்லாம் குறி போட்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. வேப்பமரம் தப்பிவிட்டது. கல் தப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சனசமூக நிலையத்தில் கூட்டம், பிரதேச சபையிலிருந்து உத்தியோகத்தர் வருகிறார், சொல்ல இருக்கிறவர்கள் சொல்லலாம் என்று அறிவித்தார்கள்.

"சபைக்குப் பெட்டிசம் எழுதுங்கோவன் அண்ணை" என்றா அம்மா.

"என்னெண்டு எழுதுறது?" என்று மாமா கேட்டார். "என்ன காரணமெண்டு எழுதுறது, சொல்லு பாப்பம்."

அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அரிசி களையப் போய்விட்டா. எனக்கு அதில் விளங்காதது ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். மாமாவுக்கு ஓட்டோ விடுகிற இடம் போகப் போகிறது. அதை எப்படிப் பெட்டிசத்தில் எழுதுவது?

அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில் 'எங்கள் ஊர்' என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். நான் நாலு வரி எழுதியிருந்தேன். எங்கள் ஊரின் பெயர் கொக்குவில். இங்கே கடைகள் உண்டு. புகையிரத நிலையம் உண்டு. நாய்கள் உண்டு. அதற்கு மேல் எழுதினால் எதிலாவது பிழை வந்துவிடும் என்று நிறுத்திவிட்டேன். மாமா கொப்பியை வாங்கிப் பார்த்தார்.

"நாயோடை நிப்பாட்டிப்போட்டாய். வரலாறு எங்கை?"

"எனக்குத் தெரியாது மாமா."

"தெரியாட்டிக் கேக்கிறதுதானே. பேனையை எடு."

ஓட்டோவின் பின்சீற்றில் இருந்து நான் எழுதினேன். மாமா முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஒரு காலத்தில் நல்லூரில் இருந்த ராசா ஒருவர், கீரிமலையில் தீர்த்தமாடிவிட்டு இந்த வழியால் நடந்து வந்தாராம்.

"ஏன் நடந்து வந்தவர்? ராசாவுக்குக் குதிரை இல்லையோ?"

"மாறுவேசம். குதிரையிலை வந்தாப் பிடிபட்டிடும்."

"செருப்புப் போட்டிருந்தவரோ?"

"கழட்டிக் கையிலை வைச்சிருந்தவர். எழுதடி பிள்ளை."

எனக்கு இப்படித்தான். ஒரு பொய்யை எழுதுவதென்றாலும் அதில் பிழை இருக்கக்கூடாது. ராசா தனியவோ, மழை பெய்ததோ, எத்தனை மணி என்று எல்லாம் கேட்டேன். மாமா சலிக்காமல் எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை. நல்ல வெயில். தனியத்தான்.

"இந்த முடக்குக்கு வர, ஒரு பொம்பிளை நிக்கிறா. தலையிலை ஒரு ஓலைக்கடகம் நிறையக் கத்தரிக்காய். வழியிலை சனமில்லை. சுமையை இறக்கிவிட ஒருத்தரும் இல்லாமல் அப்பிடியே நிக்கிறா."

"அவ ஆர் மாமா? பேர் என்ன?"

கண்ணாடியில் ஓடிக்கொண்டிருந்த துணி நின்றது.

"பேர் வேண்டாம். அவ ஒரு பொம்பிளை. எழுது."

ராசா செருப்பைக் கீழே போட்டுவிட்டுக் கடகத்தைப் பிடித்து இறக்கினாராம். அரண்மனைக்குப் போய், இனி அந்த இடத்தில் ஒருத்தியும் சுமையோடு நிற்கக்கூடாது என்று கட்டளையிட, அடுத்த செவ்வாய்க்கிடையில் கல் எழும்பிவிட்டதாம்.

"மெய்யோ மாமா?"

"கல் நிக்குதுதானே. பேந்தென்ன?"

வீட்டில் அம்மா கட்டுரையை வாசித்தா. பிழை பிடிப்பா என்று பக்கத்திலேயே நின்றேன். "கத்தரிக்காய் ஆர் சொன்னது?" என்று மட்டும் கேட்டா. மாமா என்றேன். "ம்" என்றுவிட்டுக் கொப்பியை மூடி வைத்தா. பிறகு எழும்பி, நான் கேட்காமலே எனக்குத் தலை இழுத்து இரண்டு பின்னல் பின்னிவிட்டா.

இதை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வாசிக்கவேண்டும் என்று மாமா சொன்னபோதுதான் எனக்கு ரீச்சரின் நினைப்பு வந்தது. ரீச்சருக்கு முன்னால். முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்த ரீச்சருக்கு முன்னால் ஒரு ராசாவைக் கையில் செருப்போடு கொண்டுவந்து நிறுத்தவேண்டும்.

"மாமா, நீங்களே வாசியுங்கோவன்."

"நான் வாசிச்சா ஓட்டோவுக்காகக் கதைக்கிறன் எண்டுவினம். சின்னப் பிள்ளை வாசிச்சா வரலாறு."

சனசமூக நிலையம் நிறைந்திருந்தது. பேப்பர் வாசிக்கிற நீள மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு ஆட்கள் இருக்க வாங்குகள் போட்டிருந்தார்கள். ரீச்சர் முதல் வாங்கில், குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. உத்தியோகத்தர் நல்ல மனிதர். எனக்குத் தலையை ஆட்டிச் சிரித்தார். அதனால் பயம் கூடிவிட்டது. நல்ல மனிதரிடம் பொய் சொல்வது இன்னும் பாவம்.

வாசிக்கத் தொடங்கினேன். ராசா மாறுவேசத்தில் வந்தபோது பின்வாங்கில் பெடியங்கள் செருமினார்கள். செருப்பைக் கையில் எடுத்தபோது ஒருவர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். ஆனால் 'சுமையை இறக்கிவிட ஒருவரும் இல்லாமல் அந்தப் பெண் நின்றாள்' என்று நான் வாசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. தலையை நிமிர்த்திப் பார்த்தால், வயதான ஆட்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பை அடக்குகிறார்கள் என்று நினைத்து மிச்சத்தையும் அவசரமாக வாசித்து முடித்தேன்.

ரீச்சர் எழும்பினா. "பிள்ளை, ராசா எந்தப் பக்கத்தாலை வந்தவர்?"

மாமாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தாவடிப் பக்கத்தாலை" என்றேன்.

ரீச்சர் குடை நுனியால் நிலத்தில் ஒரு கோடு கீறினா. "கீரிமலையிலையிருந்து நல்லூருக்குப் போறதெண்டால் அந்தப் பக்கத்தாலைதான் வரவேணும். சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டா.

என் பொய்யைச் சரித்திரம் ஒத்துக்கொண்டுவிட்டது.

உத்தியோகத்தர் மட்டும் மெதுவாகக் கேட்டார். "கதை நல்லாத்தான் இருக்கு. ராசா வந்ததுக்கு ஏதும் அத்தாட்சி இருக்கோ?"

"ஐயா, நீங்கள் இண்டைக்கு இஞ்சை வந்து பிளேன்ரீ குடிச்சதுக்கு நூறு வருசத்தாலை என்ன அத்தாட்சி இருக்கப்போகுது?" என்றார் மாமா. "ஆனா குடிச்சனீங்கள்தானே."

எல்லாரும் சிரித்தார்கள், உத்தியோகத்தரும் சிரித்தார். என் கட்டுரையை வாங்கி ஒரு கோப்புக்குள் வைத்தார். ஆனால் கல்லில் இருந்த சிவப்புக் குறி அப்படியே இருந்தது. அடுத்த கிழமை மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்துக்கு நான் பழைய நாலு வரியையே திரும்ப எழுதிக்கொண்டு போனேன்.

இனித்தான் என் பங்கு. செவ்வாய்க்கிழமை காலமை எழும்பினால் இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. கண்கட்டி. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். இவ்வளவு கெதியாகக் குத்தும் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா நாமக்கட்டி உரைத்துப் பூசிவிட்டா. அது கண்ணுக்கு மருந்து, காரணத்துக்கு மருந்தில்லை என்று எனக்குத் தெரியும். மற்றக் கண்ணையும் காப்பாற்ற வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்பது? ராசாவிடம் கேட்கலாம் என்றால் அப்படி ஒரு ராசா இல்லை. கோயிலுக்குப் போனால் ஐயர் என்ன விசயம் என்று கேட்பார். பொய் சொன்னது கல்லைப் பற்றி. ஆகவே கல்லிடமே கேட்பது என்று முடிவெடுத்தேன்.

பள்ளிக்கூடம் போகிற வழியில், ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, கடதாசியில் மடித்துக்கொண்டு வந்த விபூதியை மூன்று குறியாக இழுத்தேன். அந்தச் சிவப்புக் குறிக்கு மேலே இழுத்தேன். அது தெரிந்தால் மன்னிப்புக் கிடைக்காது போல இருந்தது. ரீச்சரின் வேலிக்கு வெளியே தலை நீட்டியிருந்த செவ்வரத்தையில் ஒரு பூவைப் பிடுங்கி வைத்தேன். களவும் சேர்ந்துவிட்டதே என்று அதற்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு ஓடிவிட்டேன்.

பின்னேரம் திரும்பி வரும்போது என் பூவுக்குப் பக்கத்தில் இன்னொரு பூ இருந்தது. அது நான் வைத்ததல்ல.

புதன்கிழமை ஒரு சுட்டி விளக்கு வந்தது. வியாழக்கிழமை, கடற்கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர், முதல்நாள் அந்தக் கல்லைக் கும்பிட்டுவிட்டுப் போனதாகவும் ஒன்பது மணிக்கே பெட்டி காலியானதாகவும் ஒழுங்கை ஒழுங்கையாகச் சொன்னார். மீனோடு கிட்டப் போகக்கூடாது என்று இருபது யார் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்து கும்பிட்டார். வெள்ளிக்கிழமை யாரோ சிவப்புத் துணி கட்டி ஒரு சூலத்தையும் நட்டுவிட்டார்கள். "வைரவர்" என்றார்கள். எங்கள் பக்கத்தில் மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும் இருந்தால் அது வைரவர்தான். வேறு விசாரணை கிடையாது. கீழே படுத்திருந்த நாய்க்கும் மதிப்பு வந்துவிட்டது. வைரவரின் வாகனம் அல்லவா, ரீச்சர் வீட்டிலிருந்து அதற்குப் பாலும் சோறும் வந்தது.

எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் நித்திரை இல்லை. ஒரு பொய்க்கு மன்னிப்புக் கேட்கப் போய்ச் சாமி ஒன்றையே பொய்யாக உண்டாக்கிவிட்டேன். இதற்குக் கண்கட்டி போதாது. சனிக்கிழமை மாமாவிடம் போய் அழுதேன்.

"மாமா, முதல் விபூதி நான்தான் பூசினது."

மாமா என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். பிறகு ஓட்டோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு முதுகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நிமிர்ந்தபோது கண் ஈரமாக இருந்தது. சிரித்த கண்ணீர் என்றுதான் நினைத்தேன்.

"நான் ஒரு ராசாவைத்தான் கொண்டுவந்தனான். நீ சாமியையே கொண்டுவந்திட்டாய். என்னிலும் பெரிய ஆளடி நீ. ஒருத்தருக்கும் மூச்சு விடாதை."

திங்கட்கிழமை பெக்கோ வந்தது. அதை ஓட்டி வந்தவர் கல்லுக்கு முன்னால் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, நான் பிள்ளை குட்டிக்காரன். உதிலை கை வைக்கமாட்டன்."

"உது போன கிழமை வெறும் கல்லப்பா" என்றார் உத்தியோகத்தர்.

"போன கிழமை கூப்பிட்டிருக்கலாமே."

உத்தியோகத்தர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். ரீச்சரும் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிட்டா. கடைசியில் உத்தியோகத்தரே செருப்பைக் கழற்றினார். அவர் செருப்பைக் கையில் எடுக்கிறாரோ என்று நான் கவனித்தேன். இல்லை, கீழேதான் விட்டார். இன்றைக்கும் எங்கள் வீதி நேராக வந்து, அந்த முடக்கில் மட்டும் ஒரு முழம் விலகி, கானும் அதோடு சேர்ந்து வளைந்து போகிறது. புதிதாக வருகிற ஓட்டோக்காரர்கள் அதில் சில்லை விட்டுவிட்டு ஏசுவார்கள்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டேன். அதே வீட்டு முன்னறையில் தையல் மெசின் போட்டுச் சட்டை தைக்கிறேன். எங்கள் வேலியும் மதிலாகிவிட்டது. சுருட்டுக் கொட்டில் இருந்த இடத்தில் மூன்று மாடி எழும்பிவிட்டது. வைரவருக்குத் தகரக் கூரை வந்து, வருடத்தில் ஒருநாள் பொங்கலும் வடைமாலையும் நடக்கிறது. அந்த வடையை வாங்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொள்வேன்.

போன வருடம் எனக்குப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, கிளினிக்குக்குப் போய் வருகிற நாளெல்லாம் அம்மா அந்தக் கல்லடியில் என்னை நிறுத்துவா.

"கையிலை இருக்கிறதை அதிலை வைச்சிட்டுக் கொஞ்சம் நிண்டு வா."

"கிளினிக் கொப்பி மட்டும்தான் இருக்கு அம்மா."

"அதை வை."

"வைரவருக்கு முன்னாலை கண்டதையும் வைக்கிறது குற்றமில்லையோ?"

"வைரவர் பேந்து வந்தவர், கல் முந்தியே நிண்டது" என்றா அம்மா. எனக்கோ ஆயிரம் பயம். கேட்டு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ள விருப்பமில்லாமல் வைத்துவிட்டு நின்றேன்.

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்கு கழிந்த பிறகுதான் சொன்னா. பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டே, வெங்காயத்தின் விலை சொல்கிற மாதிரிச் சொன்னா. அம்மாவின் அப்பாவுக்கு முதலில் ஒரு மனைவி இருந்தா. தோட்டத்துக் கத்தரிக்காயைக் கடகத்தில் வைத்து அந்த வழியால்தான் சந்தைக்குக் கொண்டுபோவாவாம். முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே, பெறாமலே, செத்துப்போனா. அப்படிச் செத்தவளுக்கு வயிற்றுச் சுமை இறங்கவேணும் என்று எங்கள் பக்கத்தில் சுமைதாங்கி கட்டுவார்கள். அம்மாவின் அப்பா முடக்கில் அதைக் கட்டிவிட்டுத்தான் அவவின் தங்கச்சியைக் கலியாணம் முடித்தார். அந்தத் தங்கச்சியின் பிள்ளைகள்தான் மாமாவும் அம்மாவும்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"பெத்துப் பிழைக்க இருக்கிற பெட்டைக்கு உதைச் சொல்லுறதோ? பெட்டிசத்திலை எழுதி ஊருக்கு முன்னாலை வாசிக்கிறதோ? அதுதான் அண்ணை ஒரு ராசாவைப் பிடிச்சவர்."

"ரீச்சருக்குத் தெரியுமோ?"

"ஆருக்குத் தெரியாது? உனக்குத்தான்."

பின்னேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முடக்குக்குப் போனேன். மாமா வழக்கம்போலக் கல்லில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஓட்டோ மட்டும் புதிது.

"அவவின்ரை பேர் என்ன மாமா?" என்று கேட்டேன்.

இந்த முறை சொன்னார். பிறகு, பாரமாக இருக்கும் தா என்று பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார். அந்தக் கட்டுரையை நான் மனதுக்குள் திரும்ப வாசித்துப் பார்த்தேன். அதில் பொய் என்று இருந்தது ராசாவும் அவருடைய செருப்பும் மட்டும்தான். அவற்றுக்காகத்தான் நான் ஒரு கிழமை கண்ணைப் பொத்திக்கொண்டு திரிந்தேன். அந்த வாங்குகளில் இருந்து நிலத்தைப் பார்த்தவர்களில் ஒருவர்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருக்கவில்லை.